கடன் கொடுத்தவர்கள் வரிசையில் உன் பெயர்

இன்னும் சில வாரங்களில் உன் அறைக்கு நீதிமன்றத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வரும். அதில் என் பெயரும் உன் நைனாவின் பெயரும் கடனாளிகள் என்று இருக்கும். எங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் உன் பெயர் இருக்கும். அந்தக் காகிதம் உன் கைக்கு வருவதற்கு முன்னால் இந்தக் கடிதம் வந்துவிட வேண்டும். போனில் சொல்லலாம் என்று இரண்டு முறை எடுத்தேன். நீ "சொல்லும்மா" என்றவுடன் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நடந்ததை நானே இன்னும் முழுசாக நம்பவில்லை. நம்பாத ஒன்றை வாயால் சொல்ல வரவில்லை, எழுதினால் வருகிறது. ஊருக்கே தெரியப்போகிற விஷயம் என்பதால் ஒளித்து எழுதவில்லை. இதே நிலைமையில் இருக்கிற வேறு யாராவது படித்தாலும் படித்துக்கொள்ளட்டும்.

நாம் எப்படி இந்த இடத்துக்கு வந்தோம் என்பது உனக்குத் தெரியும். ஸ்டேஷனிலிருந்து முருகன் மலைக்கும், கிருத்திகை நாட்களில் சித்தூர், பள்ளிப்பட்டு வரைக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடிய வேன்தான் நம் வீட்டுக்குச் சோறு போட்டது. அதை வாங்கியதே கடனில்தான். இன்ஜின் போனபோது அதற்கு ஒரு கடன். நைனாவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனபோது அடுத்தது. அவர் ஸ்டியரிங் பிடிக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, வாங்கின கடனுக்கு வட்டி கட்ட வாங்கின கடன்கள். வேனை ஃபைனான்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போய் ஏலம் விட்டார்கள், அப்படியும் பாக்கி தீரவில்லை. துணிக்கடையில் பில் போட்டு நான் கொண்டுவருகிற சம்பளம் வாடகைக்கும் மாத்திரைக்கும் சரியாகப் போகிறது. பி.காம். படித்தவள் நான். வரவு எது, செலவு எது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இது தீராது என்பது எனக்கு ரொம்ப நாளாகவே தெரியும். தெரிந்துகொண்டே அடுத்த கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் திகைப்பாகத்தான் இருக்கிறது.

கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் மனுப் போடுவதற்கு நம் பக்கத்தில் ஐ.பி. போடுவது என்று பெயர். எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். 'மஞ்ச நோட்டீஸ் கொடுத்துட்டான்' என்றும் சொல்வார்கள். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், யாருக்கோ ஆகாத நோய் வந்துவிட்ட மாதிரி. என்னோடு வேலை செய்கிற பெண் ஒருத்திதான், ஏமாற்றுகிறவர்கள் மட்டும் அல்ல, உண்மையிலேயே கட்ட முடியாதவர்களும் அதைப் போடலாம், சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது என்று சொல்லி ஒரு வக்கீலம்மாவிடம் அனுப்பினாள். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் அவர் ஆபீஸ். நைனா ஒவ்வொரு படியாகக் கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வக்கீலம்மா எங்களைத் திட்டவில்லை, பரிதாபப்படவும் இல்லை. "யாருக்கெல்லாம் குடுக்கணும், எவ்வளவு, எதுக்கு வாங்கினீங்க, எல்லாம் வேணும். ஒருத்தர்கூட விடக்கூடாது. சொந்தக்காரங்க, பக்கத்து வீடு, யாரா இருந்தாலும். அப்புறம் வீட்ல இருக்கற சாமான் எல்லாம் எழுதணும்" என்றார். சமையல் பாத்திரம், கட்டின துணி, படுக்கிற பாய் தலையணை, இதெல்லாம் நம்மிடமிருந்து எடுக்க மாட்டார்களாம். என் குழம்புச் சட்டியைப் பற்றிச் சட்டம் யோசித்து வைத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொன்னார். கோர்ட் எங்களைத் திவாலானவர்கள் என்று அறிவித்த பிறகு, அதிலிருந்து விடுவிக்கிற வரைக்கும், யாரிடமாவது கடன் கேட்டால் முதலில் அந்த உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும். மறைத்தால் குற்றம். "மளிகைக்கடையில கணக்கு வெச்சி வாங்கறதுக்குமா?" என்று கேட்டேன். "சொல்லிட்டே வாங்குங்க, எதுக்கு வம்பு" என்றார். அன்று மாலையே நான் நம் தெருமுனை மளிகைக்கடைக்குப் போனேன். சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிப் பழகிக்கொள்ளலாம் என்று ஒரு வீம்பு. கடைக்கார அண்ணனிடம், "அண்ணா, நாங்க ஐ.பி. போடப் போறோம். தெரிஞ்சிகினு குடுங்க" என்றேன். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆங், கேள்விப்பட்டேம்மா. தொவரம்பருப்பு அரைக்கிலோவா, கால்கிலோவா?" என்றார். வெளியே வந்து சிரித்தேன். ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று பயந்து பயந்து சாகிறோம், ஊர் பருப்பை நிறுத்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் அந்தத் தைரியம் உன்னிடம் பேசும்போது இல்லாமல் போய்விட்டது. ஐ.பி. போடப்போவதை உனக்குச் சொன்ன அன்று, எல்லாவற்றையும் நிதானமாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியில் என்னை அறியாமல், "கோர்ட் வாசல்ல நின்னு ஊரு கேக்க எம் பேரை கூப்பிடுவாங்களாம்டா, அதை எப்படிக் கேட்டுகினு நிக்கப் போறேனோ" என்று சொல்லிவிட்டேன். நீ, "அதெல்லாம் ஒண்ணும் ஆவாதும்மா" என்றாய். பிள்ளை ஆறுதல் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வார்த்தைக்கு நீ வைத்திருந்த அர்த்தம் வேறு என்று எனக்குத் தெரியாது.

போன கிருத்திகைக்கு நீ லீவு போட்டுவிட்டு வந்தாய். வீட்டுக்கு வராமல் ஸ்டேஷனிலிருந்து நேராக மலைக்குப் போய்விட்டு, நெற்றி நிறைய விபூதியோடு மத்தியானம் வந்து நின்றாய். அவ்வளவு கூட்டத்தில் வரிசையில் நின்று சாமி பார்த்துவிட்டு வந்திருக்கிறானே என்று நைனாவிடம் பெருமையாகச் சொன்னேன். கத்தரிக்காய் காரக்குழம்பை இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டாய். சாயங்காலம் ரயில் ஏறும்போது, "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்றாய். உன் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. நான் அதைச் சாமி கொடுத்த தெளிவு என்று நினைத்தேன்.

போன வாரம் சேகர் பாவா வீட்டுக்கு வந்தார். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எனக்கு அக்கா முறையாகும் ஒருத்தியின் வீட்டுக்காரர், வட்டிக்குக் கொடுப்பவர். இன்ஜின் கடன் இவரிடம் வாங்கியதுதான். மாதம் பிறந்தால் வாசலில் அவர் வண்டிச் சத்தம் கேட்கும். அன்றைக்கும் கேட்டது. நைனா மாத்திரை வாங்கப் போயிருந்தார்.

"வாங்க பாவா. போன மாசத்துதும் சேத்து இந்த மாச வட்டிக்கு கொஞ்சம்..." என்று இழுத்தேன்.

"ஏம்மா, நான் வந்தாலே வட்டிக்குத்தான் வருவனா? ஒரு மரியாதைக்கு வரக்கூடாதா?" என்று சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உன் கணக்கு முடிஞ்சிபோச்சி. அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

"முடிஞ்சதுன்னா?"

"பையன் சொல்லல? சிங்கக்குட்டிம்மா அவன். கிருத்திகை அன்னிக்கி என்னை மலைக்கு வரச்சொன்னான். 'எங்க நைனா வாங்கினது நான் வாங்கினதா வெச்சிக்குங்க பெரியப்பா. எங்கம்மா பேரை கோர்ட்ல கூப்பிடக்கூடாது'ன்னான். கற்பூரத்தை அடிச்சி சத்தியம் பண்ணான். கீழ எறங்கி வந்து புரோநோட்டுல கையெழுத்தும் போட்டான். போன மாசம், இந்த மாசம் ரெண்டு வட்டியும் போன்லயே அனுப்பிட்டான். நீ காலேஜ் படிச்ச பொம்பள, கோர்ட்டுக்குப் போற. அவன் பாரு, சாமிகிட்ட போனான்."

அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார்.

"நீங்க தாராளமா ஐ.பி. போட்டுக்குங்க, நான் இன்னாத்துக்கு வேணான்னு சொல்றேன்? என் பேரை மட்டும் அதுல எழுதிடாதீங்க. நமக்குள்ளதான் ஒண்ணும் இல்லியே இப்ப."

உனக்கு இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். தட்டில் பிஸ்கட் வைத்தேன். "சர்க்கரை போதுமா பாவா?" என்று கேட்டேன். அக்காவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னேன். அவர் போன பிறகு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன், காய்ந்த துணிகளை எடுத்து மடித்தேன். உன் பழைய பனியன் ஒன்று அதில் இருந்தது, வீடு துடைக்க வைத்திருப்பது. அதையும் மடித்தேன். துடைக்கிற துணியை யாராவது மடிப்பார்களா? அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கடனை நாங்கள் கோர்ட்டில் இறக்கி வைக்கக் கிளம்பிக்கொண்டிருந்தோம், அது எங்களுக்கு முன்னால் உன்னிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

நைனா வந்ததும் சொன்னேன். நின்றபடியே கேட்டார். "யாரைக் கேட்டு போட்டான்?" என்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, "நான் செத்தா செய்ய வேண்டியதை இப்பவே செஞ்சிட்டானா?" என்றார். அப்படி ஒரு வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதில்லை. ஆபரேஷனுக்கு உள்ளே போகும்போதுகூட நர்ஸிடம் ஜோக் அடித்துக்கொண்டு போன மனுஷன். அன்று ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

மறுநாள் வக்கீலம்மாவிடம் ஓடினேன். எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அப்பா அம்மா வாங்கிய கடனுக்காக எழுதியதுதானே, எங்கள் கடன் ஒழிந்தால் அதுவும் சேர்ந்து ஒழிந்துவிடும் என்று. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இல்லம்மா. பையன் போட்ட கையெழுத்து பையனோடது. நீங்க ஐ.பி. போட்டாலும் அது போகாது. கடன் கொடுத்தவர் நாளைக்கு உங்க பையன் மேல தனியா கேஸ் போடலாம்" என்றார். "மலையில சத்தியம் பண்ணான்னு சொல்றாரே" என்றேன். "சத்தியத்துக்குக் கோர்ட்ல மதிப்பு இல்ல. கையெழுத்துக்கு இருக்கு. அப்பா அம்மா கடனை உழைச்சிக் கட்டணும்னு உங்க பையனுக்கு எந்தச் சட்டமும் சொல்லல. அவரா போய் ஏத்துக்கிட்டார்" என்றார். நீ செய்ததிலேயே என்னைக் கலங்கடித்தது இதுதான். உனக்குப் படிப்பு இருக்கிறது, கம்பெனியில் வேலை இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இது உன்னைச் சேராது என்று சொல்லியிருப்பார்கள். நீ யாரையும் கேட்கவில்லை. தகப்பன் கடன் மகனுடையது என்பதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாய். பாவாவுக்கும் அது தெரியும். நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அவர் உன்னிடம் சட்டம் பேசாமல், மலைமேல் ஏறினார்.

பிறகுதான் வக்கீலம்மா அந்த இன்னொரு விஷயத்தைச் சொன்னார். எங்களுக்காக நீ வட்டி கட்டியிருக்கிறாய், மீதிக்கும் பொறுப்பு ஏற்றிருக்கிறாய். ஆகவே நாங்கள் இப்போது உனக்குக் கடன்பட்டவர்கள். "பையன் பேரையும் எழுதணும். சேகர் பேரையும் எழுதணும், அவர் என்ன சொன்னாலும். மறைச்சா மத்த கடன்காரங்க அதையே பிடிச்சிக்குவாங்க, மனுவே நிக்காது" என்றார். பெற்ற பிள்ளைக்குக் கடன்காரி ஆனேன் என்று ஒருத்தி சொன்னால் வழக்கமாக அது ஒரு பேச்சு. எனக்கு அது ஒரு வரிசை எண். உனக்கு மேலே ஃபைனான்ஸ் கம்பெனி, கீழே ஆஸ்பத்திரிக்காகக் கைமாற்றாகக் கொடுத்த என் முதலாளி.

வீட்டுக்கு வந்து சொன்னதும் நைனா, "ஐ.பி.யே வேணாம். வக்கீலுக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லு. பெத்த புள்ளைய கோர்ட்டுக்கு இழுத்துகினு போய் நிறுத்தற அப்பன் நான் இல்ல" என்றார்.

"இழுத்தாச்சுங்க. நாம போட்டாலும் போடாட்டியும் அவன் கையெழுத்து அங்க இருக்குது."

"அப்ப நானும் வாட்ச்மேன் வேலைக்குப் போறேன். மூணு பேரும் சேந்து கட்டலாம்."

"உக்காந்த எடத்துல உங்களால ஒரு மணி நேரம் உக்கார முடியுதா?"

நான் அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை. "பாவாவுக்கு மட்டும் மூணு பேரா கட்டுவோம் சரி. மத்தவங்க சும்மா இருப்பாங்களா? ஒவ்வொருத்தரும் அவனைத் தேடிகினு போவாங்க. ஒருத்தருக்குப் போட்டவன் நமக்குப் போடமாட்டானான்னு. அவன் எத்தனை பேருக்கு மலை ஏறுவான்?" என்றேன். நைனா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய பேச்சு நியாயமில்லை என்று நான் சொல்லவில்லை. எனக்கும் ஒரு பாதி மனம் அதையேதான் சொன்னது. ஆனால் அந்தப் பாதி பேச்சைக் கேட்டுத்தான் நாங்கள் இத்தனை வருஷமும் கடன் மேல் கடன் வாங்கினோம்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று நீ கேட்பாய். இருக்கிறது. ஆனால் அது உன்னிடம் போய்ச் சேருவதற்குள் என் பக்கமே திரும்பிவிடுகிறது. நீ ப்ளஸ் டூ படித்தபோது பள்ளியில் ஊட்டிக்கு அழைத்துப் போனார்கள். கால் வலிக்கிறது, நான் வரவில்லை என்று நீயே சாரிடம் சொல்லிவிட்டாய். பணம் கேட்டால் எங்களுக்குச் சிரமம் என்றுதான் அப்படிச் சொன்னாய் என்பது பிறகு தெரிந்தது. நான் என்ன செய்தேன்? தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன். "எம் புள்ள எதையும் கேக்கவே மாட்டான்" என்று. நீயும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அப்போது உன் கன்னத்தில் இரண்டு வைத்து, கால் வலி என்று ஏன் பொய் சொன்னாய், பணம் இருக்கிறதா இல்லையா என்று எங்களைக் கேட்டாயா என்று நான் கேட்டிருக்க வேண்டும். எங்களிடம் கேட்காமல் எங்கள் பாரத்தைத் தூக்குகிற பிள்ளை நல்ல பிள்ளை என்று நான்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பாவாவுக்கு இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதே. வேறு யார் வந்து கேட்டாலும், மாமா முறை சித்தப்பா முறை என்று யார் உட்கார்ந்து பேசினாலும், எதிலும் கையெழுத்துப் போடாதே. நீ எழுதிக் கொடுத்த நோட்டில் என்ன வட்டி போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல். அநியாய வட்டிக்கும் ஒரு சட்டம் இருக்கிறதாம், நீ வந்தால் வக்கீலம்மா உன்னிடமே பேசுகிறேன் என்கிறார். அது உன்னை முழுசாக விடுவிக்குமா என்று கேட்டேன். "முயற்சி பண்ணலாம்" என்றுதான் சொன்னார். பொய்யாக உனக்கு நம்பிக்கை கொடுக்க நான் விரும்பவில்லை. சத்தியத்தைப் பற்றி நீ கவலைப்படுவாய் என்று தெரியும். நீ கற்பூரம் அடித்தது முருகனிடம், பணம் அனுப்புவது பாவாவிடம். முருகன் இதுவரைக்கும் யாரிடமும் மாத வட்டி கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதை நான் அவரிடம் பேசிக்கொள்கிறேன். எனக்கும் அவருக்கும் பழக்கம் அதிகம்.

நேற்று மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டோம். நைனாவும் வந்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போதுகூட வருவாரா என்று எனக்குச் சந்தேகம்தான். சட்டையை மாற்றிக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கி நடந்தார். வக்கீலம்மா ஒவ்வொரு பெயராகப் படித்து, கடன் எதற்காக வாங்கியது என்பதையும் படித்துச் சரிபார்த்தார். வண்டி வாங்க. இன்ஜின் மாற்ற. மருத்துவச் செலவு. உன் பெயர் வந்தது. உறவு, மகன். எதற்காக என்ற இடம் காலியாக இருந்தது. "இதுக்கு என்னன்னு போடறது?" என்று எங்களைப் பார்த்தார். இன்ஜின் என்று போடலாம், வட்டி என்று போடலாம். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நைனா சொன்னார்: "எங்க மானத்துக்குன்னு போடுங்கம்மா." வக்கீலம்மா, கோர்ட் பாஷையில் அதற்கு இடம் இல்லை என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, 'பெற்றோரின் கடனுக்குப் பொறுப்பேற்றது' என்று எழுதினார். நைனா தலையாட்டினார். பேனாவை வாங்கி, என்னைவிட நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காதே. கையெழுத்துப் போட்டு வாங்கு. அதில் ஒரு தேதி இருக்கும். அரை நாள் பர்மிஷன் போதாது, முழு நாள் லீவு போட்டுவிட்டு வா. கடன் கொடுத்தவர்கள் நிற்கிற பக்கம் நீ நிற்க வேண்டும். பாவாவும் அங்கேதான் இருப்பார், அவரிடம் சண்டை போடாதே. நாங்கள் எதிர்ப்பக்கம் இருப்போம். எங்களைப் பார்த்துத் தலை குனியாதே. இவர்கள் உனக்கு எவ்வளவு தர வேண்டும் என்று நீதிபதி கேட்டால், அப்பா அம்மாதானே, ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடாதே. அனுப்பின வட்டி, எழுதிக் கொடுத்த அசல், எல்லாவற்றையும் கூட்டிச் சொல். எங்களுக்காகக் குறைத்துச் சொல்லாதே.

அம்மா